நிபுணத்துவப் பொறியாளர் பதிவு: முதல் வாரக் குறிப்பிலிருந்து நேர்காணல் வரை

மலேசியாவில் பொறியியல் பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த ஒருவர், பெயருக்கு முன்னால் “இர்.” என்று போட்டுக்கொள்ளும் நிபுணத்துவப் பொறியாளர் ஆவதற்கு எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். பினாங்கில் கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குளிர்சாதன, தீயணைப்பு அமைப்புகளை வடிவமைக்கும் இயந்திரவியல் பொறியாளன் நான். சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைக் காலைகளில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, இளைய பொறியாளர்களின் அறிக்கைகளைப் படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன்.

அவர்கள் இடறும் இடம் பெரும்பாலும் ஒன்றேதான். மூன்று ஆண்டுகள் வேலை பார்த்திருப்பார்கள். அந்த வேலையில் நீங்கள் எடுத்த முடிவு எது என்று கேட்டால் திகைத்துப் போவார்கள். ஆகவே நான்காம் படியை நீளமாகவும், படிவம் நிரப்புவது போன்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன்.

1. உங்கள் பட்டம் எந்தப் பதிவுக்கு உரியது என்று பாருங்கள்

பொறியாளர்களைப் பதிவு செய்வது 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசியப் பொறியாளர் வாரியம். பேச்சில் எல்லோரும் பி.இ.எம். என்போம். பட்டப்படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்குவது பொறியியல் அங்கீகார மன்றம். அதன் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் படித்த துறையும் ஆண்டும் அதில் பொருந்த வேண்டும்.

வெளிநாட்டில் படித்தவர்கள், பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையைப் பார்க்க வேண்டும். மலேசியா 2009 முதலும் இந்தியா 2014 முதலும் அதில் முழு உறுப்பினர்கள். இருந்தாலும் தமிழ்நாட்டில் வாங்கிய பட்டம் எல்லாமே இங்கே செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம் முதல்நிலையில் அங்கீகரித்த படிப்புகளுக்கே உடன்படிக்கையின் பயன் கிடைக்கும்.

பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர்களின் பாதை வேறு. அவர்களுக்கு, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியமும் அது வழங்கும் “டி.எஸ்.” பட்டமும் இருக்கின்றன. பொறியியல், பொறியியல் தொழில்நுட்பம் என்ற இரண்டு படிப்புகளின் பெயர்களும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதால், தவறான படிவத்தை நிரப்பிக் காத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

2. பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்ளுங்கள்

இதை வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். அடுத்த படிகள் எல்லாமே பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்தவருக்கென்றே வகுக்கப்பட்டவை.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் “அனாக் லெலாக்கி” (மலாயில் மகன்) அல்லது “அனாக் பெரெம்புவான்” (மகள்) என்பதன் சுருக்கம் இருக்கும். பட்டச் சான்றிதழில் அது விடுபட்டிருக்கலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிச் சான்றிதழ் என்றால் தந்தையின் முதலெழுத்து பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணக் கடிதம் ஒன்றை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு அலைவதைவிட அது எளிது.

3. மேற்பார்வையாளரை முதல் ஆண்டிலேயே தேடுங்கள்

நிபுணத்துவப் பொறியாளர் ஆவதற்குக் குறைந்தது 3 ஆண்டு நடைமுறை அனுபவம் வேண்டும். அதில் ஓராண்டாவது மலேசியாவில், உங்கள் துறையையே சேர்ந்த நிபுணத்துவப் பொறியாளரின் மேற்பார்வையில் கழிந்திருக்க வேண்டும். ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு இது தடையாக இருக்காது, பக்கத்து மேசையிலேயே ஒரு “இர்.” உட்கார்ந்திருப்பார்.

பாயான் லெப்பாஸ், பத்து காவான் தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்களின் நிலை அப்படி இல்லை. நூற்றுக்கணக்கில் பொறியாளர்கள் இருக்கும் தொழிற்சாலையில்கூட, பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளர் ஒருவரும் இல்லாமல் போகலாம். அப்படி ஒருவர் இருந்தாலும் அவர் மின்னியல் துறையினராக இருப்பார். நீங்கள் இயந்திரவியலாக இருப்பீர்கள்.

இத்தகையவர்களுக்காகவே, வாரியத்திலிருந்து வேறான, பொறியாளர்களின் தொழில்முறை அமைப்பான மலேசியப் பொறியாளர் கழகம் லாக் புக் (பயிற்சிக் குறிப்பேடு) பயிற்சித் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. நிறுவனத்துக்கு வெளியே உள்ள நிபுணத்துவப் பொறியாளர் ஒருவர் அதில் வழிகாட்டியாக இருந்து, உங்கள் பதிவுகளைப் படித்துக் கையெழுத்திடுவார். கழகத்துக்குப் பினாங்கில் கிளை உண்டு. அங்கே நடக்கும் தொழில்நுட்பப் பேச்சுகளுக்கு இரண்டு மூன்று முறை போய்வந்தாலே உங்கள் துறையின் மூத்தவர்கள் பழக்கமாகிவிடுவார்கள்.

மூன்றாம் ஆண்டின் இறுதியில், நிறைத்து முடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து “ஒரு கையெழுத்து போடுங்கள், அண்ணே” என்று கேட்பதுதான் இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறு. தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்திடுவது அவருக்கே நடத்தை நெறி மீறல். நான் இப்படிக் கேட்டு வந்த இருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

4. வாரம் ஒரு முறை, எடுத்த முடிவை எழுதுங்கள்

இளைய பொறியாளர்களின் லாக் புக்கைத் திறந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “திங்கள், தளக் கூட்டம். செவ்வாய், வரைபடம் சரிபார்ப்பு. புதன், பம்ப் விலைப்புள்ளி.” இது வருகைப் பதிவேடு. மதிப்பீடு செய்பவர் தேடுவது பொறியியல் தீர்ப்பை. அதாவது ஒரு சிக்கலின் முன்னால் நின்று, சில வழிகளை எடைபோட்டு, காரணத்தோடு ஒன்றைத் தேர்ந்ததற்கான அடையாளத்தை.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலை இருபது நிமிடம் ஒதுக்கி, அந்த வாரத்தின் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். சிக்கல் என்ன? என்னென்ன வழிகள் இருந்தன? எதை, ஏன் தேர்ந்தேன்? பிறகு என்ன ஆயிற்று? நான்காம் கேள்விக்கான பதில் சில நேரங்களில் ஆறு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு தம்பி, தொழிற்சாலை ஒன்றின் குளிர்நீர் அமைப்பில் வேலை பார்த்திருந்தார். “குளிர்நீர் பம்ப் தேர்வில் இன்வால்வ் ஆனேன்” என்று ஒரே வரியில் எழுதி வந்தார். அதில் நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். “வேலை எல்லாம் நாந்தான் பாத்தேன் அண்ணே, எழுத உக்காந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது” என்றார். கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டு, எழுத வேண்டாம், நடந்ததைத் தமிழிலேயே சொல்லு என்றேன். கொட்டத் தொடங்கினார்.

நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் 400 டன், அதாவது சுமார் 1,407 கிலோவாட் குளிர்த்திறன். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் வெப்பநிலை வேறுபாடு 5.5 டிகிரி செல்சியஸ். அப்படியானால் விநாடிக்கு ஏறக்குறைய 61 லிட்டர் நீர் ஓட வேண்டும். குழாய், வால்வு, காற்றைக் குளிர்விக்கும் காயில் ஆகியவற்றின் இழப்புகளைக் கூட்டினால், பம்ப் தர வேண்டிய அழுத்தம் நீர் உயரக் கணக்கில் 32 மீட்டர் ஹெட் வருகிறது. 75 விழுக்காடு பம்ப் திறனில் தேவைப்படும் ஆற்றல் 25.5 கிலோவாட், மோட்டார் 30 கிலோவாட் போதும்.

ஒப்பந்ததாரரோ 45 கிலோவாட் மோட்டாருடன் பெரிய பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். தம்பி கணக்கைத் தோண்டிப் பார்த்தபோது, வடிவமைப்பாளர் ஹெட்டில் கொஞ்சம் கூட்டியிருந்தது தெரிந்தது. ஒப்பந்ததாரரும் தம் பங்குக்குக் கூட்டியிருந்தார். விற்பனையாளரும் “எதற்கும் இருக்கட்டும்” என்று அடுத்த அளவுக்குத் தாவியிருந்தார். அந்த பம்ப்பை ஓட்டினால் நீர் தேவைக்கு மேல் பாயும். வால்வை நெரித்து நெரித்துத்தான் சமாளிக்க வேண்டும். நெரித்ததில் இழக்கும் ஆற்றலுக்குத் தொழிற்சாலை ஆண்டு முழுவதும் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும். அவர் கணக்கை வைத்து வாதாடிச் சிறிய பம்ப்பை வரவழைத்தார். கமிஷனிங்கில், அதாவது அமைப்பை ஓட்டிச் சோதிக்கும் கட்டத்தில், அளந்தபோது ஓட்டம் தேவைக்கு மிக அருகில் வந்து நின்றது.

ஒன்பது நிமிட ஒலிப்பதிவு அது. “இன்வால்வ் ஆனேன்” என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது முழுவதும் அதில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுபவர்கள் முதலில் தமிழில் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள். அறிக்கையின் ஆங்கிலம் எளிமையாக இருக்கலாம். யோசனை முழுமையாக இருக்க வேண்டும்.

இன்னொரு தடை நம் வளர்ப்பில் இருக்கிறது. “நான், நான்” என்று பேசாதே என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பணிவு அறிக்கையில் “நாங்கள்” என்றும் “செய்யப்பட்டது” என்றும் மாறி வருகிறது. படிப்பவரால் உங்களையும் உங்கள் மேலாளரையும் பிரித்தறிய முடியாது. கணக்கிட்டது நீங்கள் என்றால் கணக்கிட்டேன் என்று எழுதுங்கள்; முடிவெடுத்தது மேலாளர் என்றால் நான் பரிந்துரைத்தேன், அவர் ஏற்றார் என்று எழுதுங்கள். இதில் தற்பெருமைக்கு இடமே இல்லை. யார் எதற்குப் பொறுப்பு என்பதைத்தான் சொல்கிறீர்கள்.

5. ஆதாரங்களை அனுமதியோடு சேர்த்து வையுங்கள்

முதல் வேலையை விட்டபோது நான் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்பது மாதக் கணக்குகளும் வரைபடங்களும் அதோடு போயின. பிறகு கேட்டதற்கு அந்த நிறுவனம் பதிலே அனுப்பவில்லை. மேற்பார்வையாளர் அதற்குள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அந்த ஒன்பது மாதங்களை நினைவிலிருந்து எழுதி, அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

அதனால் ஒரு திட்டத்தின் கட்டம் முடியும்போதெல்லாம், அந்தக் கட்டத்துக்கான கையெழுத்தை அப்போதே வாங்கிவிடுங்கள். மேற்பார்வையாளர் வேலை மாறுவதை நீங்கள் தடுக்க முடியாது. அவர் போவதற்கு முன்பு புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைக்க முடியும்.

ஆதாரம் சேர்ப்பது என்பதற்கு அலுவலகக் கோப்புகளை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது என்று பொருள் கொள்ளாதீர்கள். பாயான் லெப்பாஸில் சில வாயில்களில் உள்ளே நுழையும்போதே கைப்பேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அங்கிருந்து வரைபடத்தைக் கசியவிட்டு நடத்தை நெறித் தேர்வு எழுதப் போவது வேடிக்கையாக இருக்கும். கருத்து விளங்கும் அளவுக்குக் கையால் ஒரு கோட்டோவியம் வரையுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் உற்பத்தி விவரங்களையும் நீக்குங்கள். கணக்கின் முறையை வைத்துக்கொண்டு, எந்த எண்களை வெளியே காட்டலாம் என்று மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

6. அனுபவத்தில் உள்ள ஓட்டையை இரண்டாம் ஆண்டில் அடைத்துவிடுங்கள்

பயிற்சியில் வடிவமைப்பும் இருக்க வேண்டும், களப்பணியும் இருக்க வேண்டும். இரண்டிலும் ஏறத்தாழ ஓராண்டாவது காட்டும்படி திட்டமிடுவது நல்லது. மூன்று ஆண்டும் கணினி முன் உட்கார்ந்தவருக்குத் தளத்தில் குழாய் எப்படித் தொங்குகிறது என்று தெரியாது. மூன்று ஆண்டும் தளத்தில் நின்றவருக்கு அந்தக் குழாய் ஏன் அந்த அளவு என்று தெரியாது.

இதை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் கணக்குப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், அப்போது கேட்டால் மேலாளரால் இடமாற்றித் தர முடியும். வடிவமைப்பு அலுவலகத்தில் இருப்பவர், தம்முடைய திட்டத்தின் கமிஷனிங் காலத்துக்கு மட்டுமாவது தளத்துக்குப் போகக் கேட்கலாம். தொழிற்சாலையில் பராமரிப்பைக் கவனிப்பவர், ஒரு சிறிய மாற்றுப்பணியின் வடிவமைப்பை வெளி ஆலோசகரிடம் முழுதாக ஒப்படைக்காமல், முதல் கணக்கைத் தானே போட்டு அவருடைய கணக்கோடு ஒப்பிடலாம். பின்னது அதிகம் கற்றுத் தரும் என்பது என் அனுபவம்.

7. அறிக்கையை எழுதுங்கள்

விண்ணப்பிக்க இரண்டு வழிகள் உள்ளன. வாரியம் நடத்தும் நிபுணத்துவ மதிப்பீட்டுத் தேர்வுக்கு நேரடியாகப் போகலாம். அல்லது கழகத்தின் நிபுணத்துவ நேர்காணல் வழியாக அதன் உறுப்பினராகி, அங்கிருந்து பதிவுக்கு வரலாம். எந்த வழியானாலும் பயிற்சியும் அனுபவமும் பற்றிய அறிக்கை தேவை. அந்தந்த ஆண்டின் படிவமும் வழிகாட்டிக் குறிப்பும் எதுவோ அதையே பயன்படுத்துங்கள். அண்ணன்மார் கொடுத்த பழைய மாதிரியை நம்பாதீர்கள்.

நான்காம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் உங்களிடம் நூற்றுக்கு மேற்பட்ட வாரக் குறிப்புகள் இருக்கும். அவற்றிலிருந்து இரண்டு அல்லது மூன்று திட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஆழமாக எழுதுங்கள். மற்றவை ஒரு பத்தி பெற்றால் போதும். பதினைந்து திட்டங்களை வரிசையாக அடுக்குபவர், ஒவ்வொன்றிலும் கேள்வி கேட்கத் தாமே பதினைந்து வாயில்களைத் திறந்து வைக்கிறார்.

திட்டம் பெரியதாக இருக்க வேண்டும் என்று எண்ணி, பினாங்கின் பெரிய கட்டுமானங்களில் தமக்கிருந்த கடுகளவு பங்கை ஊதிப் பெருக்குவதும் வழக்கமாக இருக்கிறது. 24 கிலோமீட்டர் பாலத்தில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்தவரைவிட, ஒரு சிறு மருந்தகத்தின் குளிர்சாதன அமைப்பை முதல் கணக்கிலிருந்து ஒப்படைப்பு வரை நடத்தியவரிடம் சொல்வதற்கு அதிகம் இருக்கும்.

எழுதி முடித்ததும், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் “ஏன்?” என்று எழுதிப் பாருங்கள். ஏன் 5.5 டிகிரி? ஏன் இந்தக் குழாய் அளவு? பதில் தெரியாத எண் அறிக்கையில் இருக்கக் கூடாது. பதிலைத் தேடிக் கண்டுபிடியுங்கள், அல்லது எண்ணை எடுத்துவிடுங்கள்.

8. நேர்காணலுக்குத் தயாராகுங்கள்

கேள்விகள் உங்கள் அறிக்கையிலிருந்தே கிளம்பும். நான்காம் படியில் சொன்ன பம்ப் தம்பியிடம் நான் பயிற்சியாகக் கேட்ட முதல் கேள்வி, “வெப்பநிலை வேறுபாட்டை 8 டிகிரி ஆக்கினால்?” என்பதுதான். விடை இரண்டு பகுதி கொண்டது. ஓட்டம் விநாடிக்குச் சுமார் 42 லிட்டராகக் குறையும், குழாயும் பம்ப்பும் சிறுக்கும். ஆனால் காற்றைக் குளிர்விக்கும் காயில் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும், ஈரப்பதக் கட்டுப்பாட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்பவர் கணக்குத் தெரிந்தவர். இரண்டாம் பாதியையும் சொல்பவரிடம் ஓர் அமைப்பை ஒப்படைக்கலாம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அதை எங்கே பார்ப்பேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சுற்றி வளைத்துப் பேசுவதை, எதிரில் இருக்கும் மூத்த பொறியாளர்கள் தளக் கூட்டங்களில் வேண்டிய அளவு கேட்டவர்கள்.

சட்டங்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டத்தை இன்னும் நடப்புச் சட்டம்போல மேற்கோள் காட்டுபவர்களைப் பார்க்கிறேன். அது 2024 ஜூன் 1 அன்று நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. கட்டடப் பணியில் இருப்பவர்களுக்கு 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணை விதிகள் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றல் சார்ந்த வேலை பார்ப்பவர்கள், 2025 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டத்தையும் படித்துவிட்டுப் போக வேண்டும்.

ஒத்திகைக்கு, உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவரையும் சேராத ஒருவரையும் அழையுங்கள். அடிப்படையான கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் சேராதவர்தான்.

9. நடத்தை நெறிக் கட்டுரை

நேர்காணலுடன் எழுத்துத் தேர்வும் உண்டு. அதில் தொழில்நுட்பப் பகுதியை உங்கள் அறிக்கையே தயார் செய்துவிடும். நடத்தை நெறிப் பகுதியைத்தான் கடைசி இரவுக்கு ஒத்திவைத்து, ஐந்து விதிகளையும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள்.

விதிகள் ஐந்தும் சுருக்கமானவை. பொதுமக்களின் பாதுகாப்பு, சுகாதாரம், நலன் ஆகியவற்றை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது. தகுதியும் அனுபவமும் உள்ள வேலையை மட்டும் ஏற்பது. பொதுவில் சொல்வதை நடுநிலையோடும் உண்மையாகவும் சொல்வது. முதலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் நம்பிக்கைக்குரியவராக நடப்பது. தொழிலின் மதிப்புக்கு ஏற்றபடி கண்ணியமாகவும் சட்டப்படியும் நடந்துகொள்வது.

பயிற்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவர்கள் ஹைலண்ட் டவர்ஸ் பற்றியே எழுதுகிறார்கள். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்ததும், 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பொறியாளரும் பொறுப்பாளிகளில் ஒருவராகச் சொல்லப்பட்டதும் ஒவ்வொரு பொறியாளரும் அறிந்திருக்க வேண்டியவை. ஆனால் அதை மட்டும் எழுதினால், விதி உங்கள் வேலைக்குள் எங்கே வருகிறது என்பது தெரியாது.

உங்கள் குறிப்பேட்டிலிருந்து ஒன்றை எடுங்கள். சோதனை முடியாமலே கமிஷனிங் தாளில் கையெழுத்து கேட்ட ஒப்பந்ததாரர், தீபாவளிக்கு வீடு வரை வந்த பெரிய பரிசுக்கூடை, தெரியாத துறையின் வரைபடத்தைச் “சும்மா ஒரு பார்வை” பார்க்கச் சொன்ன மேலாளர் என்று ஏதாவது ஒன்று எல்லோருக்கும் நடந்திருக்கும். எந்த விதிகள் ஒன்றோடொன்று மோதின, முதலில் யாரிடம் பேசினேன், எதை எழுத்தில் வைத்தேன் என்று எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு உண்மையாக இருப்பதும் பொதுமக்கள் பாதுகாப்பும் மோதும்போது எது முந்தும் என்பதை முதல் விதியே சொல்லிவிடுகிறது. அதை எந்த நடவடிக்கையால் நிறைவேற்றினீர்கள் என்பதற்குத்தான் பக்கங்களைச் செலவிட வேண்டும்.

10. பதிவுக்குப் பிறகு

2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிபுணத்துவப் பொறியாளர்கள் இரு வகையாக இருக்கிறார்கள். மேலே சொன்ன படிகளை முடித்தவர் “இர்.” என்று போட்டுக்கொள்ளலாம், அதிகாரத் தரப்புகளிடம் வரைபடங்களைத் தம் பெயரில் சமர்ப்பிக்க முடியாது. அதற்குத் தனியே நிபுணத்துவத் திறன் தேர்வு எழுதித் தொழில்புரிச் சான்றிதழ் பெற வேண்டும். தொழிற்சாலைக்குள்ளேயே வேலையைத் தொடரப் போகிறவர் இதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஆலோசனைத் தொழிலில் இருப்பவரும் சொந்தமாக அலுவலகம் தொடங்க எண்ணுபவரும், படித்த சூடு ஆறுவதற்குள் அடுத்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது.